சத்தம் வரணும்

"சைலன்சர் பார்க்க அப்படியே இருக்கணும். ஆனா சத்தம் வரணும், அண்ணே."

சைலன்சர் மாட்டிய ஏர்கன்னை மேசைமேல் வைத்த பெண்ணை மெக்கானிக் ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊரே சத்தத்தைக் குறைக்கத்தான் எங்கிட்ட வருது. உன் வீட்டுக்காரர் போன வருஷம் வந்து என் உயிரை எடுத்ததாலதான் இதைக் கழட்டவே முடியாதபடி ஒட்டிக் கொடுத்தேன். எலி சுடணும், பக்கத்து வீட்டுல தூக்கம் கெடுதுன்னாரு. நீ என்னடான்னா..."

"முடியுமா, முடியாதா?"

முணுமுணுத்துக்கொண்டே சூடு காட்டிப் பசையை இளக்கி, சைலன்சரை முறுக்கிக் கழற்றினார். உள்ளே சத்தத்தை விழுங்கும் தடுப்புகளை உருவி எறிந்தார். அந்த இடத்தில் நேரான குழாய் ஒன்றைச் செருகி, பழையபடியே ஒட்டினார்.

கடைக்குப் பின்னால் மணல் மூட்டையில் சுட்டுப் பார்த்தார். பக்கத்துக் கடைக்காரர் பதறியடித்து ஓடி வந்தார்.

வந்ததிலிருந்து முதன்முறையாக அவள் முகம் தெளிந்தது.

"இந்தச் சத்தத்துக்கு ஒரு எலி நிக்காதும்மா."

"எங்க வீட்டுல எலியே கிடையாது, அண்ணே."

துப்பாக்கியை வாங்கக் கை நீட்டினாள். சட்டைக்கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை குண்டு பதிந்த வட்டத் தழும்புகள்.

"இனிமே பக்கத்து வீட்டுல தூக்கம் கெடட்டும்," என்றாள்.