லாண்டரி அக்காவின் முப்பத்தேழு தப்புகள்

ஒரே மாதத்தில் முப்பத்தேழு தப்பு. அத்தனைக்கும் கீழே ஒரே பேர்: லாண்டரி அக்கா.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரிக்குத் தலை சுற்றியது. கம்பெனியின் பதினோரு ஐந்து நட்சத்திர ஹோட்டல்களில் இங்கே மட்டும்தான் வந்தவர்களே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ரகசியத்தைக் கண்டுபிடிக்க வந்தவர் கண்ணில், ஊழியர் கேன்டீனில் கயிறு கட்டித் தொங்கிய இந்தத் தப்பு நோட்டுதான் முதலில் பட்டது. அன்றன்று செய்த தப்பை அவரவரே எழுத வேண்டுமாம்.

இவ்வளவு தப்பு செய்கிறவரை எதற்கு வைத்துக்கொண்டு மாரடிக்கிறார்கள்? மனிதர் சூட்டோடு சூடாக வேலைநீக்கக் கடிதத்தை அடித்து மேஜையில் வைத்துக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். கையெழுத்துதான் பாக்கி.

அக்கா ஈரக்கையைத் துடைத்தபடி வந்தார். கடிதத்தில் தன் பேரைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. பதினாறு வருஷ வேலை. வீடே அதை நம்பித்தான் இருந்தது.

அதிகாரி நோட்டை விரித்து உரக்கப் படித்தார். எட்டாம் தேதி, சூப்பில் உப்பு கூடிவிட்டது. பத்தாம் தேதி, ஆறு மணிக்கு எழுப்பச் சொன்ன கெஸ்ட்டை நாலு மணிக்கே எழுப்பிவிட்டேன். பன்னிரண்டாம் தேதி, கெஸ்ட்டின் காரைத் தூணில் உரசிவிட்டேன்.

அங்கே நின்றுவிட்டார்.

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமாம்மா?"

"சைக்கிளே தெரியாது சார்."

"அப்புறம் எப்படி?"

அக்கா தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "புதுசா சேர்ந்தவங்க எழுதப் பயப்படுறாங்க சார். மறைச்சிட்டா கெஸ்ட் கோபத்தோடயே போயிடுவார். நோட்டுல ஏறிட்டா, காலையில மேனேஜரே போய் மன்னிப்புக் கேட்டுச் சரி பண்ணிடுவார். அதான், எங்கிட்ட வந்து சொல்லுங்க, என் பேர்ல எழுதிடறேன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு மாசத்துல பயம் தெளிஞ்சு அவங்களே எழுத ஆரம்பிச்சிடுவாங்க."

அதிகாரி கடிதத்தை நாலாகக் கிழித்துப் போட்டார். மன்னிப்புக் கேட்க மட்டும் நாக்கு எழவில்லை. புதுசா சேர்ந்தவர் மாதிரிதான் முழித்தார். அக்கா அதைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன்பே அதிகாரி கேன்டீனுக்குப் போனார். பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒருவழியாக மனதைத் திடப்படுத்திக்கொண்டு நோட்டைப் பிரித்தால், முப்பத்தெட்டாவது தப்பு அங்கே ஏற்கெனவே ஏறியிருந்தது.

"என்ன ஏதென்று விசாரிக்காமலே ஒருத்தரை வேலையை விட்டு அனுப்பப் பார்த்தேன். இப்படிக்கு, லாண்டரி அக்கா."