தனி அடுப்பு

சௌந்தரராஜன் குனிந்து மண்ணெண்ணெய் அடுப்பின் திரியைத் தொட்டுப் பார்த்தார்.

காய்ந்து கிடந்தது. விரலில் கரி ஒட்டவில்லை. வாசனைகூட இல்லை.

வட்ட வழங்கல் அலுவலகத்தில் பதினைந்து வருடம் பழம் தின்று கொட்டை போட்டவர் அவர். புது ரேஷன் கார்டு கேட்டு யார் மனுப் போட்டாலும், வீட்டுக்கு வந்து முதலில் அடுப்பைத்தான் பார்ப்பார். தனியாகச் சமைக்கிறவர்களுக்குத்தான் தனிக் கார்டு. மனுஷன் வாய் கூசாமல் பொய் சொல்வான், அடுப்பு சொல்லாது என்பது அவர் கட்சி.

ஓசூர் சிப்காட்டை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை வீடுகள். மூன்றாவது அறை பொற்கொடியுடையது. புருஷன் முத்துமணி கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். சிவகங்கைப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். இரண்டாவது அறையில் முத்துமணியின் அண்ணன் பூபதி. அவனுக்குக் கார்டு இருக்கிறது.

அண்ணனும் தம்பியும் ஒரே உலையில் பொங்கித் தின்றுவிட்டு, ஒரு ரூபாய் அரிசிக்கு இரண்டு கார்டு வாங்குகிற சாமர்த்தியத்தை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அதிகாரி வருகிறார் என்றால் எங்கிருந்தோ ஒரு அடுப்பு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

இதுவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. புளி போட்டுத் துலக்கி, விபூதிப் பட்டை இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துப் பளபளவென்று இருந்தது. ஒரு பருக்கை எங்கும் கிடையாது.

"என்னம்மா, அடுப்பு இப்பத்தான் சீர்த் தட்டுலருந்து எறங்குன மாதிரி இருக்கு. இதுலயா சமைக்கிறீங்க?"

இதில்தான் என்றாள் பொற்கொடி. அதிகாரி வருகிறாரே என்றுதான் துடைத்து வைத்தாளாம். அப்படியானால் காலையில் என்ன சமைத்தாய் என்று கேட்டார்.

பொற்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு திடீரென்று, உட்காருங்க சார் என்று பாயை விரித்துவிட்டு வெளியே ஓடினாள்.

ஐந்து நிமிடத்தில் ஆவி பறக்கும் காபியோடு திரும்பி வந்தாள்.

சௌந்தரராஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்தவருக்குக் காபி கொடுக்கவே அண்ணன் வீட்டு அடுப்புக்கு ஓட வேண்டியிருக்கிறது, இந்த லட்சணத்தில் தனிச் சமையலாம். தன் வாயால் ஒப்புக்கொள்ளாததைக் காலால் ஒப்புக்கொண்டாளே என்று நினைத்தார். மனுவை மடியில் வைத்து எழுதினார்: கூட்டுச் சமையல். நிராகரிக்கலாம்.

இனி அவள் மறுபடி மனுப் போட்டு, மறுபடி ஆள் வந்து பார்த்து, ஆறு மாதம் ஆகும். ஆகட்டுமே.

காபி நன்றாக இருந்தது. நிதானமாக ஆற்றிக் குடித்தார். நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று சுவரோரம் நின்று டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தது. உன் பேரென்ன என்று கேட்டும் வாய் திறக்கவில்லை. புது ஆளென்று மிரளுகிறது போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

கடைசி வாயைக் குடிக்க டம்ளரைத் தூக்கியபோதுதான் விளிம்பில் வெட்டியிருந்த பெயர் கண்ணில் பட்டது. இரவல் பாத்திரம் கண்டுபிடிக்க அவர் வழக்கமாகப் பார்க்கிற இடம் அது. பூபதி பெயர் இருக்கும் என்று பார்த்தார்.

இருந்தது தெலுங்கு எழுத்து.

டம்ளரோடு எழுந்து வெளியே வந்தார். வரும்போது கொடியில் காய்ந்த சேலை மறைத்திருந்தது. இப்போது காற்றில் விலகியபோது பார்த்தார், பூபதியின் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டில் தூசி படிந்திருந்தது.

நான்காவது அறை வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வெங்கடம்மா, அவர் கையிலிருந்த டம்ளரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். அவர் கேட்டதற்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஆர்டர் இல்லையென்று தீபாவளிக்குப் பிறகு கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள். பூபதி குடும்பம் கார்டையும் எடுத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து மாதம் ஒன்றாகிறது. முத்துமணி கர்நாடக எல்லை தாண்டி பொம்மசந்திராப் பக்கம் வேலை தேடிப் போயிருக்கிறான்.

பிறகு மூன்றாவது அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த ரூம்ல மூணு நாளா அடுப்பே பத்தல சார். பால்வாடி டீச்சர் மீட்டிங் போயி ரெண்டு நாளா அங்கயும் பூட்டு. புள்ளைக்குக் கெடைக்கிற மத்தியானச் சோறும் இல்ல. நான் குடுத்தா பொற்கொடி வாங்காது, சாப்ட்டோம் சாப்ட்டோம்னே சொல்லும். இன்னிக்குத்தான் மொதத் தடவ வந்து கேட்டுச்சு. வீட்டுக்கு ஆபீசர் வந்திருக்காரு, ஒரு காபி குடுங்கக்கான்னு."

சௌந்தரராஜன் அங்கேயே நின்றார். காபி நாக்கில் இன்னும் இனித்தது. அவருக்கு அவமானமாக இருந்தது.

மனுவை எடுத்துச் சுவரில் வைத்து, எழுதியதை அடித்தார். தனி அடுப்பு, கார்டு வழங்கலாம் என்று எழுதி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பதினைந்து வருடத்தில் அவர் அடித்துத் திருத்திய முதல் மனு அது.

பொற்கொடி வாசலுக்கு வந்து, காபிக்குச் சர்க்கரை போதுமாக இருந்ததா என்று அவரைக் கேட்டாள்.