ஐந்து பேர் ஓடிய வீடு

பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் சம்பளம் கூட்டிக் கேட்டதும் அவர் மகன் உருகிப்போனார்.

"உன்னை வேலைக்காரியாவா நினைக்கிறோம்? குடும்பத்துல ஒருத்திம்மா நீ!"

"குடும்பத்துல ஒருத்தியாத்தான் கேக்குறேன் சார். ஆறு வருஷமா அதே சம்பளம். அய்யாவத் தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு."

சொந்தம் அத்தோடு அறுந்தது. "இஷ்டமில்லன்னா நின்னுக்கோ. இந்தச் சம்பளத்துக்கு ஆயிரம் பேர் வருவாங்க."

அவள் நின்றுகொண்டாள். ஆயிரம் பேர் வரவில்லை; ஐந்து பேர் வந்தார்கள். முதல் ஆளின் கையைப் பெரியவர் கடித்தார். கடித்த பல்செட்டைக் கழற்றி இரண்டாமவள்மீது எறிந்தார். மூன்றாமவளைப் பார்த்து, "ஐயோ, திருடி!" என்று தெருவே கேட்கக் கத்தினார். அதைக் கேட்ட மற்ற இருவரும் வாசலோடு திரும்பிவிட்டார்கள்.

"அப்பாவுக்கு மூளை கலங்கிடுச்சு" என்று மகன் தானே அவரைத் தூக்கிக் குளிப்பாட்டினார். மறுநாள் மகனைத் தூக்கிவிடவே ஓர் ஆள் தேவைப்பட்டது. படுத்தபடியே அவளுக்குப் போன் செய்தார்.

"கேட்டதையே தர்றேன். வந்துடும்மா தாயே!"

வந்தவள் அறைக் கதவைச் சாத்தியதும் பெரியவர் தெளிவாகக் கேட்டார்: "முழுசா ஒத்துக்கிட்டானா?"

அவள் திகைத்தாள். "அப்ப அத்தனையும் நடிப்பா! அய்யா என்ன, யூனியன் தலைவரா இருந்தீங்களா?"

"சேச்சே! ஃபேக்டரி மேனேஜர். எத்தனையோ ஸ்ட்ரைக்கை வெளியாள் வச்சே உடைச்சவன்."

பல்செட்டை மாட்டிக்கொண்டு சிரித்தார்.

"அந்த வெளியாளுங்கள எவனாவது ஒருத்தன் கடிச்சிருந்தாப் போதும், நான் தோத்திருப்பேன்."