பூவுக்குப் பின்னால் ஒரு கலங்கல்

காலை வெயிலில், தரையோடு படர்ந்த பட்டுரோஜாவுக்கு முன்னால் அண்ணன் குப்புறப் படுத்திருக்கிறான். காமிராவுக்குள் தேனீயின் ரோமம்கூடத் தனித்தனியாகத் தெரிகிறது; பூவுக்குப் பின்னால் இருப்பதெல்லாம் வெறும் கலங்கல். துணி உலர்த்த வந்த தங்கைக்கோ அந்தக் கலங்கலில் சுருண்டு கிடக்கும் பாம்பு தெளிவாகத் தெரிகிறது. "அங்கயே நில்லு. நிழல் விழுந்தா தேனீ பறந்துடும்," என்கிறான். கையிலுள்ள ஈரச்சட்டை அவள் பாதத்தில் சொட்டுகிறது. "அண்ணா, நீ அசையாத." குரல் காற்றாகத்தான் வருகிறது. "நான் எங்க அசையறேன்? மூச்சே விடல. பின்னாடி பழுப்பா ஒண்ணு மங்கலா விழுது, அம்சமா இருக்கு." தேனீ எழும்பிப் பறக்கிறது. ஓர் இலைகூட ஆடவில்லை. பழுப்பு மட்டும் மெல்ல உயர்கிறது. "அது என்னது," என்று முணுமுணுத்தபடி அவன் ஃபோகஸ் வளையத்தைத் திருப்புகிறான். விரல்கள் பாதியில் நின்றுவிடுகின்றன.