உள்பாக்கெட்

ஏட்டய்யாவின் இடுப்பைத்தான் அவர் முதலில் பார்த்தார்.

தையல்காரர் கண் அப்படி. முகத்துக்கு முன்னால் அளவு தெரிந்துவிடும்.

இடப்பக்கம், பெல்ட்டுக்குக் கீழே, காக்கித் துணி ஒரு நூல் அளவு இழுத்துக்கொண்டிருந்தது. வேறு யார் கண்ணிலும் படாது. அந்தப் பேன்ட்டைத் தைத்தவர் கண்ணில் படும்.



வீட்டைச் சோதனை போட வந்திருக்கிறார்கள். வாசலை அடைத்துக்கொண்டு எஸ்.ஐ. நின்றார். சாட்சிக் கையெழுத்துப் போட இரண்டு பேர். இந்தத் தெருவில் பார்த்தே இராத முகங்கள். ஒரு பெண் போலீஸ் செல்போனில் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போது சட்டம் அப்படியாம்.

மகன் செல்வின் சுவரோரம் நின்றான். வாயோரம் பற்பசை நுரை காய்ந்திருந்தது. போன வாரம் திருட்டு மணல் லாரியை மறித்தவன்.

கஞ்சா பதுக்கியிருப்பதாகத் தகவல் என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார்.

பீடிகூடத் தொடாத பிள்ளை. ஆனால் ஒரு பொட்டலம் கிடைத்துவிட்டால் போதும். ஜாமீனுக்கே நாய் படாத பாடு பட வேண்டும்.

ஆயுதபூஜைக்கு முன்னால் ஏட்டய்யா கடைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார். பெல்ட்டுக்குக் கீழே, உள்பக்கமாக ஒரு பாக்கெட். நான்கு விரல் அகலம். வெளியே தெரியவே கூடாது.

தெரியாமல்தான் தைத்தார். தன் கைவேலையைத் தானே மெச்சிக்கொண்டார் வேறு. புத்தி கெட்ட மனுஷன்.

அந்தப் பாக்கெட் காலியாக இருந்தால் துணி இழுக்காது.

கறுப்பு அங்கி தைக்கக் கொடுத்த வக்கீல் ஒருமுறை சொல்லியிருந்தார். வீட்டைத் தேடுவதற்கு முன், தேட வந்தவர்களின் பைகளைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்று.

கேட்கலாம்தான். கேட்க நா எழ வேண்டுமே.

ஏட்டய்யா பீரோவைத் திறந்தார். புடவைகளுக்கு அடியில் வலக்கையை விட்டுத் துழாவினார். இடக்கை பெல்ட்டை நோக்கி நகர்ந்தது.

செல்வின் அப்பாவைப் பார்த்தான்.

வக்கீல் சொல்லித் தந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. முப்பது வருடமாகக் கடையில் பேசியதுதான் வந்தது.

"ஏட்டய்யா, பெல்ட்டுக்குக் கீழ நான் வச்சுக் குடுத்த உள்பாக்கெட்டு... தையல் இழுக்குதுங்க. உள்ள இருக்கறத வெளிய எடுங்க, பார்த்துச் சரி பண்ணிடறேன்."



எஸ்.ஐ. திரும்பினார். சாட்சிகள் திரும்பினார்கள். எல்லோரும் பார்த்த பக்கமே அந்தப் பெண்ணின் செல்போனும் திரும்பியது.

ஏட்டய்யாவின் இடக்கை பதறிப்போய் அந்த இடத்தை மூடிக்கொண்டது.

அதன்பிறகு, செல்போன் பார்த்துக்கொண்டிருக்க, அங்கிருந்து அந்தக் கையை எடுக்க அவரால் முடியவில்லை.