எல்லாம் சரிசெய்

மகளுக்குப் பெயர் வைத்த விழாவின் வீடியோவை இன்பராஜ் எடிட் செய்து முடித்தான். மைக்கின் கரகரப்பையும் தங்கை பனிமலரின் திக்குவாயையும் மென்பொருள் ஒன்றாகச் சேர்த்து, ‘ஒலிப் பழுது’ என்றது. தெரிந்தேதான் ‘எல்லாம் சரிசெய்’ என்பதை அழுத்தினான்.

டிவியில், அத்தைக்காரி பனிமலர் குழந்தையின் காதில் தன் குரலிலேயே, தங்குதடையின்றி மூன்று முறை பெயர் சொன்னாள். கூடத்தில் பார்த்துக்கொண்டிருந்த உறவினர்கள் கைதட்டினார்கள்.

“அட, நம்ம பனிமலரா இது!” என்றார் சித்தப்பா.

அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அப்போது குழந்தை வீறிட்டது.

“பேரச் சொல்லிக் கூப்பிடு மலரு. உன் குரல் கேட்டாத்தான் அடங்குவா,” என்றாள் இன்பராஜின் மனைவி.

பனிமலர் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். செல்போனை எடுத்து, அந்த வீடியோவைக் குழந்தையின் காதருகே ஓடவிட்டாள்.

அழுகை கூடியது. இன்பராஜ் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே, அதைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டான்.