மூன்றாவது குரல்

செயற்கை நுண்ணறிவைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று, குடவாசல் பக்கத்துக் கிராமத்தில் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு வந்தாள் மாளவிகா. கடைசி வீட்டில் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் செபஸ்தியம்மாள் வெளியே வந்தாள். வந்தவள் கதவைச் சாத்திவிட்டுக் கிசுகிசுத்தாள்.

"கோவிச்சுக்காதம்மா. உச்சி வேளையில மூணாவது குரலுக்குத்தான் நாங்க பதில் சொல்லுவோம். ஆகாதது, அதான் பேய் பிசாசு, ரெண்டு தடவைக்கு மேல கூப்பிடாது."

மாளவிகா சிரித்தாள். "ஏஐ பத்திக் கேள்விப்பட்டிருக்கீங்களா?"

"எங்க வீட்டுக்காரங்க தவறினப்புறம், மகன் போன்ல அவங்க குரல்லயே பேசற ஏஐயை வச்சுக் குடுத்தான். அது நாம பேசறதைக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கும். பயந்துபோய், ஆத்துல தண்ணி வந்தன்னிக்கு அந்தப் போனைத் தூக்கி அதுல போட்டுட்டேன்."

"இப்ப பயம் இல்லையே?"

ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், "செபஸ்தி" என்றது. சற்றுப் பொறுத்து, அதே மாதிரி இன்னொரு முறை, "செபஸ்தி" என்றது.

"தினம் இதே நேரந்தான்" என்றாள் செபஸ்தியம்மாள்.

தைரியம் சொல்வதாக நினைத்து மாளவிகா உரக்கவே சொல்லிவிட்டாள்: "ரெண்டோட நின்னுடுச்சு பாருங்க. மூணாவது தடவை கூப்பிட்டாத்தானே பதில் சொல்லணும்?"

செபஸ்தியம்மாள் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள். "இத்தனை நாளா அது காதுபடச் சொல்லாம வச்சிருந்தேனே!"

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "செபஸ்தி."

மாளவிகாவின் வாயைப் பொத்திய கை அப்படியே இருந்தது. செபஸ்தியம்மாளின் வாய், பழக்கத்தில், "இதோ வந்துட்டேங்க" என்றது.